திமில்

பிரேசிலில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம். 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள் 20 கோடிக்குச் சற்று மேல், மாடுகள் 23 கோடிக்கு மேல். இறைச்சிக்கென்று வளர்ப்பவற்றில் பெரும்பாலானவை ஒரே சாயலில் இருக்கும். வெள்ளை உடம்பு, மயிருக்கு அடியில் கறுத்த தோல், தொங்கும் அலைதாடி, தோளுக்கு மேலே ஓங்கி நிற்கும் திமில். அந்த இனத்துக்கு அங்கே நெலோர் என்று பெயர். நம் நெல்லூர்தான்.

திருவொற்றியூர் ஸ்டேஷனில் மாலை வேளையில் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கம். கும்மிடிப்பூண்டி வண்டி வரும், சூலூர்பேட்டை வண்டி வரும். நடுநடுவே நிற்காமல் ஓடும் எக்ஸ்பிரஸ்கள் நடைமேடையை ஒருமுறை உலுக்கிவிட்டுப் போகும். அதே தண்டவாளத்தில் இரண்டரை, மூன்று மணி நேரம் போனால் நெல்லூர். அதற்கும் மேலே ஓங்கோல். அங்கிருந்து கிளம்பிய ஒரு மாடு பூமிக்கு அந்தப் பக்கம் போய் ஒரு நாட்டின் சாப்பாட்டையே மாற்றியிருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால், அடுத்த வண்டியைத் தவறவிட்டாலும் வருத்தம் வருவதில்லை.

*

அந்த மாட்டின் கறியை நான் சாப்பிட்டது சிங்கப்பூரில். அக்கா மகன் அங்கே கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் வேலை செய்கிறான். "மாமா, ஒருநாள் உன்ன பிரேசில்காரன் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவன், நான் போயிருந்தபோது கூட்டிப்போனான்.

உள்ளே நுழைந்ததும் புகை வாசம். மேசையில் ஒரு வட்ட அட்டை, ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. பச்சை மேலே இருக்கும்வரை ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கையில் வாள் நீளத்துக்கு ஒரு கம்பி, அதில் குத்தி அனலில் வாட்டிய கறி. கம்பியின் நுனியைத் தட்டில் ஊன்றி, மெல்லிய கத்தியால் மேல்பரப்பை மட்டும் சீவுவார்கள். நாம் இடுக்கியால் அந்தத் துண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மிச்சம் மறுபடி அனலுக்குப் போகும். வெந்த மேல்பகுதி சீவப்படுவதும், அடியிலிருந்த வேகாத கறி மேலே வந்து வேகுவதும் மாறி மாறி நடப்பதால் யார் தட்டுக்கும் சூடு ஆறாத துண்டே வருகிறது. இந்த ஏற்பாட்டுக்கு ரொடீசியோ என்று பெயர்.

இடுப்பின் பின்பகுதியிலிருந்து எடுக்கும் பிக்கான்யா என்ற துண்டுதான் அவர்களுக்குப் பெருமை. ஒரு பக்கம் விரல் கனத்துக்குக் கொழுப்பு. அதை வளைத்துக் கம்பியில் குத்துகிறார்கள். மசாலா என்று எதுவும் இல்லை, கல் உப்பு மட்டும். பக்கத்தில் கறுப்பு பீன்ஸ், சோறு, வறுத்த மரவள்ளி மாவு. மரவள்ளி ஸ்டார்ச்சும் சீஸும் சேர்த்துச் சுட்ட சின்ன உருண்டை ரொட்டி. அந்த ரொட்டியைக் கடித்தபோது ஜவ்வரிசியின் இழுவை நாக்கில் தெரிந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? மரவள்ளி தென்னமெரிக்காவின் கிழங்கு. அங்கிருந்து வந்து சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குள் புகுந்தது.

பாதி வயிறு நிறைந்த பிறகு ஒரு கம்பி வந்தது. அதில் இருந்த கறி வேறு மாதிரி. சிவப்பும் வெள்ளையும் இழை இழையாகக் கலந்து, தொட்டால் பிரிந்துவிடும்போல இருந்தது.

"மாமா, இதான் ஹம்ப்பு. இதுக்குத்தான் வயித்துல இடம் வைக்கச் சொன்னேன்."

திமில். அவர்கள் குப்பிம் என்கிறார்கள். ஐரோப்பிய மாட்டுக்குத் திமில் கிடையாது. அதனால் இலண்டனிலோ பாரிஸிலோ உள்ள பழைய இறைச்சிக் கடைகளில் இந்தத் துண்டு ஒருபோதும் இருந்திருக்காது. அர்ஜெண்டினாவின் கறிக்கடைகளிலும் இது வழக்கமில்லை. பிரேசிலுக்கே உரியது என்று உலகம் சொல்லும் இந்தத் துண்டு, இந்திய மாடு போகாமல் இருந்தால் அங்கே முளைத்திருக்கவே முடியாது.

*

மாடு போன கதை மெதுவாக நடந்த கதை. 1868-இல் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பல் வழியில் சால்வடோர் துறைமுகத்தில் நின்றது. அதில் ஓங்கோல் ஜோடி ஒன்று இருந்தது. அங்கேயே விற்றுவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து, லெம்குருபர் என்ற ரியோ மாநிலத்துப் பண்ணைக்காரர் ஜெர்மனியின் ஹாம்பர்க் விலங்குக்காட்சிச் சாலையில் அந்த மாட்டைப் பார்த்து ஒரு ஜோடியை வாங்கிப் போனார். நம் ஊர் உழவுமாட்டை ஐரோப்பியர்கள் கூண்டு விலங்குகளோடு நிறுத்தி டிக்கெட் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் ஓங்கோல் தாலுகா நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது, நெல்லூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. அதனால்தான் மாட்டுக்கு அந்தப் பெயர். சொந்த ஊரில் அதன் பெயர் ஓங்கோல் மாடு. குண்டலகம்மா ஆற்றுப் பக்கத்துக் கரிசலில் கலப்பை இழுக்கவும் வண்டி இழுக்கவும் பிறந்த மாடு அது. வெயிலைத் தாங்கும், உண்ணிக்கு அசையாது, காய்ந்த புல்லைத் தின்றும் உடம்பு தேறும். ஐரோப்பிய மாடுகள் சோர்ந்து விழுந்த வெப்ப மண்டலப் புல்வெளியில் இது பெருகியது.

1920-இல் நடந்தது ஒன்று உண்டு. இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன மாடுகளை வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கி வைத்தார்கள். அவற்றோடு வெக்கை நோயும் இறங்கியது. ஐரோப்பா பயந்துபோனது. அந்தப் பயத்திலிருந்துதான் 1924-இல் பாரிஸில் உலக விலங்கு நோய்த் தடுப்பு அமைப்பு உருவானது. பிரேசிலும் 1921-இல் இந்திய மாட்டுக்குக் கதவை மூடியது. கதவு மறுபடி முழுசாகத் திறக்காவிட்டாலும் 1960-களின் தொடக்கத்தில் ஒரு கூட்டம் போனது. நிலத்துக்குள் விடாமல் முதலில் ஃபெர்னாண்டோ தெ நொரோன்யா என்ற தீவில் நிறுத்தி, நோய் இல்லை என்று பார்த்த பிறகே உள்ளே எடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் கரவடி என்று ஒரு காளை. ஓங்கோலுக்குப் பக்கத்தில் இருக்கும் கிராமத்தின் பெயர் அது. இன்று பிரேசிலின் பல லட்சம் மாடுகளின் வம்சாவளிச் சீட்டில் அந்தக் கிராமத்தின் பெயர் இருக்கிறது.

கரவடியின் விந்து, கரவடியின் மகன், கரவடியின் பேத்தி என்று ஏடு ஏடாக எழுதிவைத்திருக்கிறார்கள். நாம் மனிதர்களுக்கே இரண்டு தலைமுறைக்கு மேல் எழுதி வைப்பதில்லை.

*

ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் ஒரு தள்ளுவண்டி. பொழுது சாய்ந்ததும் தோசைக்கல் காயத் தொடங்கும். கல்லின் ஓரத்தில் சிவந்த மசாலாவில் கறி குவிந்திருக்கும். கேட்கும்போது நடுவில் இழுத்து, வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுக் கரண்டியால் கொத்திக் கொடுப்பார்கள். ஹார்பர் ஷிப்ட் முடிந்தவர்கள், மீன் லோடு ஏற்றியவர்கள், டியூஷன் முடிந்து வரும் பையன்கள். யாரும் உட்காருவதில்லை. நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கடைக்கார அம்மாவிடம் திமிலைப் பற்றிக் கேட்டேன்.

"திமிலா? அத்த தனியா யாரு கேக்குறாங்க. கறிக்கடையில கலந்து போட்டுடுவான். கொழுப்புக் கறின்னு எடுத்தாருவோம்ணே."

"வேக நேரம் ஆகுமா?"

"எந்தக் கறிதான் சீக்கிரம் வேவுது? நமக்கு வர்றது வயசான மாடு. ஏழெட்டு விசில் வுடணும்."

அவர் சொன்னதில் சட்டமும் பொருளாதாரமும் சேர்ந்தே இருந்தன. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயதைக் கடந்து வேலைக்கும் ஈனுவதற்கும் உதவாமல் போன மாட்டை, அல்லது அடிபட்டோ ஊனத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிய மாட்டைத்தான், சான்று பெற்று அறுக்கலாம். 1976-இன் அரசாணை பசுவையும் கிடேரியையும் விலக்கியது. ஆக நம் தட்டுக்கு வருவது ஆயுள் முழுக்க உழைத்து முடித்த மாடு. பிரேசிலில் கம்பியில் ஏறுவது பெரும்பாலும் இரண்டு மூன்று வயதுக் காளைக்கன்று. அதன் கழுத்தில் ஒருநாளும் நுகத்தடி ஏறியிருக்காது. கல் உப்பு மட்டும் போட்டு அனலில் காட்டினால் போதும், அது வெந்துவிடும். நம் கறிக்கு இஞ்சியும் பூண்டும் மிளகும் குக்கரும் தேவைப்படுவதை நாக்கின் ருசி வேறுபாடு என்றே இத்தனை காலம் எல்லாரும் சொல்லி வந்திருக்கிறோம். பாதிக்கு மேல் அது மாட்டின் வயது.

இதில் திமில் மட்டும் விலக்கு. இளம் மாட்டின் திமிலே கூட அவ்வளவு லேசில் வேகாது. பிரேசில்காரர்கள் அதைக் காகிதத்தில் சுற்றி, அனலுக்கு மேலே உயரத்தில் தூக்கி வைத்து, மணிக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அவசரமே இல்லாத அந்தச் சமையல் கடைக்கார அம்மாவுக்குப் புரியும்.

*

உப்பு.

கவுச்சோ என்பவர்கள் பிரேசிலின் தெற்குக் கோடியில், ரியோ கிராண்டே தோ சுல் புல்வெளியில் மாடு மேய்த்தவர்கள். பூர்வகுடியும் போர்த்துகீசியரும் ஸ்பானியரும் ஆப்பிரிக்கரும் கலந்த ரத்தம். தரையில் குழி தோண்டித் தீ மூட்டி, சுற்றிலும் கழி நட்டுக் கறி வாட்டினார்கள். இன்றைய கண்ணாடிக் கதவு உணவகங்கள் எல்லாம் அந்தத் தீயைத்தான் சுவரில் படமாக மாட்டிவைத்திருக்கின்றன.

சுவரில் மாட்டாத படம் ஒன்று இருக்கிறது. அதே மாநிலத்தில் பெலோத்தாஸ் என்ற ஊர். 1780 வாக்கில் அங்கே மாட்டுக்கறியை உப்பில் ஊறவைத்துக் காயவைக்கும் கொட்டடிகள் வந்தன. அறுத்தவர்கள், உப்பு சுமந்தவர்கள், கறி காயவைத்தவர்கள் எல்லாரும் ஆப்பிரிக்க அடிமைகள். அந்த உப்புக்கறி கப்பலேறி வடக்கே கரும்புத் தோட்டங்களுக்குப் போனது. அங்கே அதைத் தின்றவர்களும் அடிமைகள். பிரேசில் அடிமை முறையை ஒழித்தது 1888-இல்தான், அமெரிக்கக் கண்டத்தில் கடைசி நாடாக. சிங்கப்பூரில் என் தட்டில் விழுந்த உப்புக்கறித் துண்டுக்கும் பீன்ஸுக்கும் பின்னால் இந்தக் கணக்கு நிற்கிறது.

எண்ணூரும் உப்பு விளைந்த ஊர்தான். அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கம் பாத்தி பாத்தியாக உப்பளம் இருந்த இடங்களில் இன்று மின்நிலையமும் நிலக்கரிச் சாம்பலும் துறைமுகமும். உப்பளத்தில் வேலை பார்த்த பாட்டி ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். மாட்டுக்கறியை நீளமாகக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் காயப் போடுவார். மழைக்காலத்தில் அந்த உப்புக்கண்டத்தைச் சுட்டுக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வார். பெலோத்தாஸ் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. கறி கிடைத்த நாளில் அதைக் கெடாமல் வைக்கத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

*

ரொடீசியோ கடைகள் பெருகியது நெடுஞ்சாலை ஓரத்தில். 1950-களுக்குப் பிறகு பிரேசிலில் சாலைகள் நீளநீள, தெற்கத்திக்காரர்கள் லாரி ஓட்டுநர்களுக்காக வழியோரத்தில் அடுப்பு மூட்டினார்கள். ஒரே விலை, வயிறு நிறையும்வரை கறி. வெள்ளைத் துணி விரித்த மேசையெல்லாம் பின்னால் வந்தது.

ஜீரோ கேட்டிலிருந்து திருவொற்றியூர், எர்ணாவூர் தாண்டி டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் இரவுகளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கண்டெய்னரின் நிழலில் ஸ்டவ்வைப் பற்றவைத்து ஓட்டுநர்கள் சோறு பொங்குவார்கள். ஒருவர் ராஜஸ்தான், ஒருவர் திருநெல்வேலி, ஒருவர் பீகார். குழம்பு அவரவர் ஊர்க் குழம்பு. யாராவது முதல்போட்டு இந்த வரிசைக்கு நடுவே ஒழுங்கான சாப்பாட்டுக் கடை போட்டிருந்தால் நமக்கும் ஒரு வடசென்னைச் சமையல் முறை உலகத்துக்குப் போயிருக்கும் என்று தோன்றும். இது என் ஆசை. கணக்கு போட்டுச் சொல்லவில்லை.

*

பிரேசில் இங்கே சாப்பாடாக வரவில்லை. பந்தாக வந்தது. வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்பார்கள். உலகக் கோப்பை நேரத்தில் மஞ்சள் சட்டை போட்ட சிறுவர்கள் சந்துக்குச் சந்து. எதிர்ப்பக்கமும் ஒன்று போயிருக்கிறது. 1950-களில் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு வண்டியை 2022 முதல் அமேசான் கரையில், மனாவ்ஸ் நகரத்தில் பூட்டுகிறார்கள்.

*

2017-ஐ நினைக்கிறேன். ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினா முழுக்கக் கூட்டம். காளையின் திமிலைத் தழுவுவது எங்கள் உரிமை என்று இரவெல்லாம் விழித்திருந்தார்கள். ராயபுரத்திலிருந்து சோற்றுப் பொட்டலங்கள் போயின. அதே வருஷம் மே மாதம் 23-ஆம் தேதி, சந்தையில் மாட்டை அறுப்புக்கு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 30-ஆம் தேதி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்தது. இடைப்பட்ட நாட்களில் கடைக்காரர்கள் முகத்தில் இருந்த கலக்கத்தைப் பார்க்க மெரினாவின் கூட்டம் வரவில்லை. வந்த சிலரை நான் மறக்கவில்லை. ஆனால் சிலர்தான்.

இன்றும் கறியைக் கறுப்புக் கவரில் சுற்றித்தான் கொடுக்கிறார்கள். வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள் அதன் மேல் இன்னொரு துணிப்பையும் போட்டுக்கொள்கிறார்கள். அதே கறியை அந்நிய நாட்டில் கம்பியில் குத்திக் கொண்டுவந்தால் எழுந்து நின்று படம் எடுக்கிறோம். எங்கள் பக்கத்து மேசையில் இருந்த தமிழ்க் குடும்பமும் எடுத்தது. ஊரில் இதைத் தொடாதவர்கள் என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளியூரில் பசி சற்று நேர்மையாக இருக்கிறது. மூடி மறைக்க வைப்பது ஊர்தான், அதற்கு ஊர் வெட்கப்பட வேண்டும்.

*

அந்தக் கடையில் கம்பி ஏந்தி வந்தவர்களில் பிரேசில்காரர் ஒரே ஒருவர். மற்றவர்கள் பிலிப்பைன்ஸ், மியான்மர். எல்லாருக்கும் ஒரே கவுச்சோ உடை: அகலக் கால்சட்டை, கழுத்தில் சிவப்புத் துணி. ஒரு நாட்டின் பண்பாட்டை இன்னொரு நாட்டார் சம்பளத்துக்கு அணிந்துகொண்டு மூன்றாம் நாட்டில் பரிமாறுகிறார்கள். போலி என்று ஒதுக்கத் தோன்றியது, முடியவில்லை. மியான்மர்ப் பையன் திமிலைச் சீவிய விதத்தில் இழைக்குக் குறுக்கே கத்தி சரியாகப் போனது. தொழில் அவன் கைக்குள் வந்துவிட்டது. அது வந்த பிறகு அவன் எந்த ஊர் என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை.

இன்னொன்று உறுத்தியது. பிரேசிலில் காடு அழிந்த நிலத்தில் பெரும்பகுதி மேய்ச்சல் தரையாகியிருக்கிறது. அமேசான் ஓரத்தில் அந்தத் தரையில் நிற்கும் மாடு பெரும்பாலும் நம் நெல்லூர் மாட்டின் வாரிசு. வெயிலும் உண்ணியும் தாங்கும் குணம் இல்லாவிட்டால் அவ்வளவு தூரம் உள்ளே போயிருக்காது. மாட்டின் மேல் பழி இல்லை. தட்டில் வைத்துத் தின்ற எனக்கு அதில் ஒரு பங்கு உண்டு, அதைத் தின்னும்போதே அறிந்திருந்தேன்.

2023-இல் பிரேசிலில் வியாத்தினா என்ற நெலோர்ப் பசுவின் மூன்றில் ஒரு பங்கு உரிமையை ஏலம் விட்டார்கள். அந்த விலைப்படி முழுப் பசுவின் மதிப்பு 40 லட்சம் டாலருக்கு மேல். உலகிலேயே விலை உயர்ந்த பசு என்று கின்னஸ் பதிந்தது. ஓங்கோல் பக்கத்தில் டிராக்டர் வந்தபின் காளைக்கு வேலை குறைந்தது. பால் குறைவு என்பதால் பசுவை வைத்திருப்போரும் குறைந்தார்கள். அந்த மாட்டை இன்று கூட்டம் கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் நெல்லூரைவிடப் பிரேசிலுக்கு டிக்கெட் எடுப்பதே மேல்.

சிங்கப்பூரிலோ துபாயிலோ பிரேசில் கறிக்கடைக்குப் போக வாய்த்தால் ஒன்று சொல்லிவைக்கிறேன். முதலில் கோழியும் தொத்திறைச்சியும் கொண்டுவந்து வயிற்றை அடைக்கப் பார்ப்பார்கள். அட்டையைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டுக் காத்திருங்கள். திமில் இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாக் கடையிலும் இருக்காது, இருந்தாலும் கடைசியில்தான் வரும். கொண்டுவருபவரிடம் இந்த மாடு எங்கள் பக்கத்து மாடு என்று தைரியமாகச் சொல்லலாம். ஊர் திரும்பியதும் கறிக்கடையில் கறுப்புக் கவர் வேண்டாம் என்றும் சொல்லிப் பாருங்கள்.